தாய் மட்டும் எப்படித் தப்பினாள்?

மோர்னிங்சைட்,
ரொறன்ரோ.
23.04.2025

லண்டன் மாநகரில் வதிபவரும், ‘உரைகல்’ என்னும் யூடியூப் அலைவரிசையின் நிறுவுநரும், மன்னார் நீக்கிலாப்பிள்ளையின் கடைசி மகனுமாகிய ஜூலியஸ் அவர்கட்கு,

தமக்கை கிளடிஸ் எழுதுவது. இறைவன் திருவருளால் நான் சுகம். தங்கள் சுகத்தை வாரம் தவறாமல் திரையிற் கண்டுவருவதால் அதனை விசாரிக்கும் தேவை எழவில்லை. முகம் சற்றுப் பருத்திருக்கிறது. குரல் அதைவிடப் பருத்திருக்கிறது.

இத்தனை காலமும் உன்னை நீ என்றே எழுதிவந்தேன். இம்முறை ‘தாங்கள்’ என்று தொடங்குவதைக் கண்டு, தமக்கைக்கு மரியாதை கூடிவிட்டது என மகிழ வேண்டாம். அறிமுகமற்றவர்களுக்கு எழுதும்போது நான் கைக்கொள்ளும் வழக்கம் அது.

தவக்காலத்திற் சினத்தை அடக்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே உயிர்ப்பு ஞாயிறு கழியும்வரை பொறுத்திருந்தேன். கழிந்துவிட்டது.

குரற்பதிவாக அனுப்பாமற் காகிதத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. பிறர் குரலைத் தாங்கள் எவ்வாறு வெட்டி ஒட்டுகிறீர்கள் என்பதை அண்மையிற் பார்த்தேன். காகிதத்தை வெட்டினால் வெட்டிய இடம் தெரியும்.

விடயத்துக்கு வருகிறேன். வரும் வைகாசியில் மில்லிக்கனில் உள்ள விழா மண்டபத்தில் தங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். விழாக்குழுத் தலைவர் இராஜரட்ணம் அண்ணை என் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்நகரில் எவருக்குத் திருமணமாயினும் மணிவிழாவாயினும் வாழ்த்துமடல் எழுதுபவள் நான். எவர் கண்மூடினாலும் மரண அறிவித்தல் எழுதுபவளும் நானே. எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள், ஆலயத்துச் செபப் புத்தகத்தையும் இரவல் வாங்கிய அகராதியையும் வைத்துக்கொண்டு தானாகக் கற்ற தமிழுக்கு இந்த ஊர் கொடுத்த பதவி இது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அண்ணை சொன்னது இது: “தங்கச்சி, பொன்னாடை வாங்கியாச்சு. மாலை சொல்லியாச்சு. ஊடகச் செம்மல் எண்டு பட்டமும் முடிவு செய்தாச்சு. மடல் மட்டும்தான் மிச்சம். உங்கட தம்பிதானே, நாலு அடுக்குமொழியை அள்ளிப் போட்டு விடுங்கோ. பிறேம் போட நான் குடுக்கிறன்.”

நான் எழுத மறுத்தேன். அவருக்குச் சொல்லாத காரணத்தைத் தங்களுக்கு எழுதுகிறேன். வாழ்த்துமடலுக்குப் பதிலாக இதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

சென்ற மாசியில் தாங்கள் வெளியிட்ட காணொளியின் தலைப்பை ஒரு சொல்லும் பிசகாமல் இங்கே தருகிறேன்: “தாய் மட்டும் எப்படித் தப்பினாள்? கூட்டா நாடகத்தின் ஓட்டைகள்.” சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸை அடுத்த கூட்டா என்னும் பகுதியில், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் நடுவே, 2013ஆம் ஆண்டு நச்சுவாயு எறிகணைகள் விழுந்து பெருந்தொகையான மக்கள் உறக்கத்திலேயே மடிந்ததைத் தாங்கள் நாடகம் என்கிறீர்கள். மேற்குலகின் அரங்கேற்றம் என்கிறீர்கள். அதற்குச் சான்றாக, யோர்தான் நாட்டு அகதி முகாமில் ஒரு தாய் அளித்த பழைய செவ்வியை எடுத்து, அவள் முகத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் அடைத்து, அதன் கீழே ‘நடிகை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னர்த் தாங்கள் திரையிலே தோன்றி, நாற்காலியிற் சாய்ந்தபடி கேட்கிறீர்கள்: “பெடியள் ரெண்டு பேரும் செத்துப்போச்சினமாம். தாய்க்காரி குத்துக்கல்லு மாதிரி இருந்து பேட்டி குடுக்கிறா. ஏன், நஞ்சுக்கு ஆருக்கு என்ன வயசெண்டு தெரியுமோ?”

அவ்விடத்தில் தாங்கள் சிரித்தீர்கள்.

அந்தத் தாயின் பெயர் ஹனான். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு எதிர்வீட்டில் வசிக்கிறாள். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் நானும் அவளும் ஒரே நேரமுறையில் வேலை செய்கிறோம். பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று நுனிகளைப் பிடித்து, நெருங்கி வந்து, கைமாற்றிக் கொடுக்க வேண்டும். இவ்வாறு இரண்டு ஆண்டுகளாக அவளை நோக்கி நடந்து வந்தவள் நான். அவளுடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் கூட்டினால் ஒரு முழு வாக்கியம் தேறும். அதனால் அவள் சொல்லியவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன். பொருள் அவளுடையது.

அவளது துயரத்தை நான் கேட்டு அறியவில்லை. சென்ற ஆண்டு சலவை அறையில் வெளுக்கும் திரவம் நிறைந்த கொள்கலன் ஒன்று கவிழ்ந்தது. குளோரின் நெடி தொண்டையைப் பிடித்தது. வேலைக்கு நின்ற அனைவரும் எல்லா மனிதரும் செய்வதைப்போலக் கதவை நோக்கி ஓடினோம். ஹனான் கதவின் பக்கம் வரவில்லை. என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஏறினாள். “மேலே, மேலே” என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வரவில்லை. மேல்மாடிச் சாளரம் ஒன்றைத் திறந்து என் தலையை வெளியே தள்ளிய பிறகுதான் கையை விட்டாள். மேற்பார்வையாளர் எங்களைத் தேடி வந்து, வாசல் கீழேயிருக்க இந்த இருவரும் கூரைக்கு ஏறியதென்ன என்று சிரித்தார். நானும் வெட்கப்பட்டேன். அன்று மாலை, பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், அவளே சொன்னாள்.

நெடுநாள் எறிகணை வீச்சில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எறிகணைச் சத்தம் கேட்டாற் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குப் பிள்ளைகளை இறக்குவது அவர்களுக்கு மூச்சு விடுவதைப்போன்ற பழக்கம். அன்றும் விடியுமுன் சத்தம் கேட்டது. ஹனான் தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் தன் கையாலேயே கீழே கொண்டுபோய், போர்வை விரித்து இருத்தினாள். மூன்றாவது, பெண்குழந்தை, கைக்குழந்தை, மேல்மாடியில் மாமியாரிடம் கிடந்து வீரிட்டு அழுதது. அதனைத் தூக்கிவர மேலே ஏறினாள். அவ்வளவுதான். அன்று விழுந்தவை சுவரை உடைக்கும் எறிகணைகள் அல்ல. அவற்றிலிருந்து வெளிப்பட்டது காற்றிலும் கனமானது. நீரைப்போலத் தாழ்ந்த இடம் தேடிச் செல்வது. தெருவிலிருந்து படிவழியே இறங்கி நிலக்கீழ் அறையை நிரப்பியது. குழந்தையோடு திரும்பி இறங்கியவள் பாதிப் படியிற் பார்வை மங்கி விழுந்தாள். யாரோ அவளையும் குழந்தையையும் தூக்கிக் கூரைக்குக் கொண்டுசென்றார்கள். அவள் கண்கள் இன்றும் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. அந்தச் செவ்வியில் அவள் கண்களைச் சுருக்கிக்கொண்டு பேசியதைத்தான் ‘கண்ணீர் வரவில்லை, கவனியுங்கள்’ என்று தாங்கள் அம்புக்குறி போட்டுக் காட்டினீர்கள்.

தங்கள் கேள்விக்கு விடை இதுவே. நஞ்சுக்கு வயது தெரியாது, ஜூலியஸ் அவர்களே. பள்ளம் தெரியும்.

தாங்கள் பெருங்கல்வி கற்றவர். நான் அகராதியோடு போராடி வாசிப்பவள். ஆயினும் இந்த விடயத்தில் எனக்குக் கிடைத்தவற்றை வாசித்தேன். அந்த விடியலில் ஐக்கிய நாடுகள் அனுப்பிய ஆய்வாளர்கள் வேறொரு முறைப்பாட்டை விசாரிக்க வந்து அதே நகரத்து விடுதியில் தங்கியிருந்தார்கள். அவ்வளவு கிட்ட இருந்தவர்கள் அந்த இடத்தை அடையப் பல நாட்கள் சென்றன. போனார்கள், மண்ணையும் குருதியையும் எடுத்தார்கள், சரின் என்னும் நஞ்சு என்று உறுதிசெய்தார்கள். யார் ஏவியது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. நஞ்சைப் பாவித்தாற் பொறுக்கமாட்டோம் என்று சிவப்புக் கோடு கீறிய மேற்குலகத்தார், அதைத் தாண்டியவனைப் பார்த்ததும் கோட்டைச் சற்றுத் தள்ளிக் கீறினார்கள். நஞ்சுக் கையிருப்பைக் கப்பலில் ஏற்றி அழிப்பதென ஒப்பந்தமாயிற்று. அழிக்கப் புறப்பட்ட அமைப்புக்குச் சமாதானப் பரிசும் கிடைத்தது. அதற்குப் பின்னரும் நஞ்சு விழுந்தது. ஏவியவன் யார் என்று கண்டறிய ஒரு குழு அமைத்தார்கள். அது கண்டறியத் தொடங்கியதும் வல்லரசொன்று பாதுகாப்புச் சபையிற் கையைத் தூக்கி அதன் ஆயுளை முடித்துவைத்தது. 2009இல், நம் போரின் கடைசி நாட்களில், நாம் கடற்கரையில் மடிந்துகொண்டிருந்தபோது, நம் பெயர் அந்தச் சபையின் நிகழ்ச்சிநிரலில் ஏறாதபடி பார்த்துக்கொண்டவர்களுள் அந்த வல்லரசும் ஒன்று. தாங்கள் இன்று அதன் பக்கத்திலே நின்று பேசுகிறீர்கள்.

மேற்குலகம் பொய் சொல்லும் என்கிறீர்கள். சொல்லும். ஒரு நாட்டில் இல்லாத ஆயுதத்தை இருக்கிறதென்று சொல்லிப் படையெடுத்ததை நானும் அறிவேன். அவர்கள் பொய்யர் என்பதால் ஹனான் பொய்க்காரியாகிவிட மாட்டாள். திருடன் ஒருவன் “தீப்பிடித்துவிட்டது” என்று கத்தினாலும், எரிகிற வீடு எரியத்தான் செய்யும்.

இனி அந்தக் காணொளி எம் கட்டடத்தில் என்ன செய்தது என்பதைக் கேளுங்கள்.

அன்று மேல்மாடியில் அழுத கைக்குழந்தையின் பெயர் றீம். இப்போது பாடசாலை செல்லும் பிள்ளை. இராஜரட்ணம் அண்ணையின் பேத்தி அட்சயா அவளுடைய வகுப்பு. அட்சயாவின் அம்மப்பா தங்கள் பரம இரசிகர் அல்லவா. வீட்டுத் திரையில் தங்கள் காணொளி ஓடும்போது, அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது றீமின் தாய் என்பதைப் பிள்ளை கண்டுகொண்டாள். வஞ்சகமில்லாத பிள்ளை. தன் தோழியின் தாய் தொலைக்காட்சியில் வந்துவிட்டாள் என்ற பூரிப்பில், அரைகுறைத் தமிழில் அம்மப்பாவிடம் பொருள் கேட்டு, பேருந்தில் றீமுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

றீம் வீட்டுக்கு வந்து தாயிடம் கேட்டாள், தாங்கள் கேட்ட அதே கேள்வியை. நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்று.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஹனான் அந்த விடையை மகளிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். ‘நீ அழுதாய், அதனால் நான் மேலே வந்தேன்’ என்று ஒரு பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? அன்று சொல்லவேண்டியதாயிற்று. சொல்லாதிருந்தால் ‘நடிகை’ என்ற சொல்லே விடையாக நின்றிருக்கும். இப்போது எங்கள் மாடியில் எந்தக் குழந்தை அழுதாலும் றீம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறாள். மின்தூக்கியில் நின்ற ஒரு கைக்குழந்தை சிணுங்கியதற்கு, கதவு திறந்ததும் தன் தளம் வராமலே இறங்கிப் படிவழியே ஓடியதைக் கண்ணாற் கண்டேன்.

இதனை இராஜரட்ணம் அண்ணையிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். “தங்கச்சி, உது சர்வதேச அரசியல். உங்களுக்கு உதுகள் விளங்காது. நீங்கள் நாலு வரி வடிவா எழுதித் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்” என்றார். “அண்ணை, எனக்கு விளங்காததுக்கு நான் கையெழுத்து வைக்கிறேல்லை” என்று சொல்லித் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் பாதிதான் குடித்திருந்தார்.

மற்றுமொன்று. சிரிய நாட்டு அதிபர் சென்ற மார்கழியில் நாட்டை விட்டு ஓடிய பிறகு, ஐரோப்பாவில் தொடுக்கப்படவுள்ள ஒரு வழக்குக்காகச் சட்டத்தரணிகள் சாட்சியங்களைத் திரட்டி வருகிறார்கள். நிலக்கீழ் அறைகளைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அங்கிருந்தவர்களில் அநேகர் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே ஹனானின் சாட்சியம் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. நெடுநாள் தயங்கி, தையிலே ஓம் என்று சொன்னாள். தங்கள் காணொளிக்குப் பின்னர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சட்டத்தரணி இன்னுமொருமுறை கேட்டிருக்கிறார்; வைகாசி முடிவுவரை காத்திருப்பாராம். நான் சென்று வற்புறுத்தினேன். அவள் சொன்னாள்: “அங்கும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். உங்கள் மனிதன் சிரித்துக்கொண்டு கேட்டான். அவர்கள் சிரிக்காமற் கேட்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். என் பிள்ளைகள் சாகவில்லை என்று சொல்கிறவர்கள், அப்படியானால் அவர்களைக் கொண்டுவந்து தரட்டும்.”

அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஜூலியஸ், அதை யார் சொன்னது என்று உனக்குத் தெரியும்.

2009இல் முட்கம்பி முகாமுக்குள்ளிருந்து இரவல் தொலைபேசியில் நீ எனக்கு எடுத்தாய். உன் மகள் ஸ்டெபனிக்கு இங்கே நான்தான் மரண அறிவித்தல் எழுதி, படத்தோடு பத்திரிகையிற் போட்டேன். அந்தப் படத்தை எவனோ இணையத்தில் எடுத்துப் போட்டு, இப்படியொரு வைத்தியசாலையும் இல்லை, இப்படியொரு பிள்ளையும் இல்லை, இது பயங்கரவாதிகளின் பிரசாரம் என்று எழுதியிருந்தான். அங்கே வேலை செய்த வைத்தியர்களையே பின்னர் அரசாங்கத்தார் செய்தியாளர் முன் இருத்தி, சொன்னதெல்லாம் மிகை என்று சொல்லவைத்தார்கள். உலகமும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று நீ அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: “அக்கா, எங்கட பிள்ளை சாகேல்லை எண்டு சொல்லுறாங்கள். அப்ப கொண்டுவந்து தரட்டும்.”

ஹனானுக்குத் தமிழ் தெரியாது. நீ சொன்னது அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

உன் மகளுக்குக் காலிற் காயம். பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைக்கு நீதான் தூக்கிக்கொண்டு போனாய். கூரையிற் சிலுவை அடையாளம் இருக்கிறது, அங்கே அடிக்க மாட்டான்கள் என்று நம்பிப் போனாய். பெற்றவள் யூஜினி, பிள்ளையின் தலைமாட்டிலிருந்து எழுந்து கஞ்சி வரிசைக்குப் போனாள். அவள் வரிசையில் நின்ற நேரத்திலேதான் எறிகணை வைத்தியசாலையில் விழுந்தது. நீ உன் பிள்ளையைப் பாதுகாப்பென்று நம்பிய இடத்திலே விட்டாய். ஹனானும் அதைத்தான் செய்தாள். அதற்குமேல் இரண்டு பேரிடமும் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

காணொளி வந்த கிழமை யூஜினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். உன்னோடு வாழ்கிறவள் உன்னிடம் சொல்லாததை எனக்குச் சொன்னாள்: “மச்சாள், உவர் கேக்கிற கேள்வியை நாளைக்கு ஆரும் என்னட்டைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது? கஞ்சிக்குப் போனனான் எண்டோ?” பிறகு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். உன் வீட்டு அடுப்படியிலிருந்து வந்த அந்தக் கேள்வியை உன் அலைவரிசை இதுவரை ஒலிபரப்பவில்லை.

சென்ற கிழமை ஹனானிடம், அந்த மனிதன் என் உடன்பிறந்தவன் என்று சொன்னேன். கதவை என் முகத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவள், அவனுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டாள். இருந்தாள் என்றேன். ஸ்டெபனியைப் பற்றி முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்து, “அப்படியானால் அவனுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்தச் சொல், நான் இக்கடிதத்தில் எழுதிய அனைத்திலும் கடுமையாகப் பட்டது.

பின்னர் அவள் கேட்டதைச் சொல்கிறேன். இங்கே மோர்னிங்சைட் கடைவாசலில் நம் பத்திரிகைகள் இலவசமாக அடுக்கிக் கிடக்கும். முன்னொருமுறை அவற்றிலொன்றைப் புரட்டி, பக்கம் பக்கமாக முகங்களைக் கண்டு, இவர்களெல்லாம் தேர்தலில் நிற்கிறவர்களா என்று கேட்டாள். இல்லை, இறந்தவர்கள் என்றேன். இத்தனை பேருக்கும் படமும் பெயரும் போடுவீர்களா என்று வியந்தாள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவரையும் போடுவோம். அதனை எழுதுபவள் நான் என்று பெருமையாகச் சொன்னேன். தன் பிள்ளைகள் வெள்ளைத் துணியில் இலக்கத்தோடு புதைக்கப்பட்டவர்கள் என்று சொல்லிப் பத்திரிகையை மடித்துத் திரும்ப அடுக்கிலே வைத்தாள்.

இப்போது அதனை நினைத்துக்கொண்டு கேட்டாள். உன் தம்பியின் மகளுக்கு எழுதியதைப்போல என் மகன்களுக்கும் எழுது. உங்கள் மொழியிலேயே எழுது. அதனை உன் தம்பி அதே கதிரையில் இருந்து, சிரித்த அதே வாயால் வாசிக்கட்டும். அவன் வாசித்த பிறகு நான் சட்டத்தரணியிடம் போகிறேன். அவன் கேட்ட கேள்விக்கு அங்கே விடை சொல்கிறேன். இதுவே அவள் வாக்கு. அவள் வாக்குப் பிசகுகிறவள் அல்ல.

எழுதிவிட்டேன். இக்கடிதத்தின் அடியில் இருக்கிறது. காணொளியை நீக்குவது மட்டும் போதாது. நீக்கினால், மறைத்துவிட்டார்கள் என்று உன் இரசிகர்களே இன்னொன்று போடுவார்கள். முதலில் வாசி. பிறகு நீக்கு. உனக்கு விளக்கம் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். அதனால் விளக்கம் எதுவும் வேண்டாம். நான் எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்தாற் போதும்.

வாசிக்காது போனால், வைகாசியில் நீ இங்கே வந்து பொன்னாடை போர்த்திக்கொள்ளலாம். மேடை இருக்கும், மாலை இருக்கும், இராஜரட்ணம் அண்ணையின் கைதட்டல் முன்வரிசையிலிருந்து கேட்கும். என் வீட்டுக்கு மட்டும் வராதே. எனக்கு எதிர்வீட்டுக் கதவைத் தாண்டித்தான் என் கதவுக்கு வரவேண்டும். அந்த வழியாக உன்னைக் கூட்டிவர என்னால் முடியாது.

ஒரு விடயம் மிச்சமிருக்கிறது. நம் மரண அறிவித்தல்களின் அடியில் ‘தகவல்’ என்று போட்டு, செய்தியைச் சொல்கிறவரின் பெயரை எழுதுவது வழக்கம். செய்தி மெய்யென்று ஏற்று நிற்கும் உறவினரின் பெயர் அது. ஸ்டெபனியின் அறிவித்தலில் அந்த இடத்துக்கு ஆள் இருக்கவில்லை. நீயும் யூஜினியும் கம்பிக்குள் இருந்தீர்கள். அதனால் ‘தகவல்: பெரியமாமி’ என்று என் பெயரைப் போட்டேன். அந்தப் பெயரை வைத்துத்தான் எவனோ ஒருவன் எனக்கும் வசை எழுதினான். எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். என் பெயர் அங்கே நிற்பதில் எனக்கு இன்றும் குறையில்லை.

ஹனானின் குடும்பத்தில் அவளையும் றீமையும் தவிர, அந்த இடத்துக்குப் பெயர் தர எவரும் மிஞ்சவில்லை. என் பெயரைப் போடலாமென்று பேனையை எடுத்தேன். போடவில்லை.

இறைவன் யூஜினிக்கு ஆறுதலையும், றீம் என்னும் பிள்ளைக்கு நல்ல உறக்கத்தையும், உனக்கு உன் பழைய குரலையும் தருவாராக. ஸ்டெபனி நித்திய இளைப்பாற்றியில் இருக்கிறாள். அவள் பெயரால் உன்னைக் கேட்பது இதுவே முதல்முறை. இனிக் கேட்க மாட்டேன்.

இங்ஙனம்,
உன் அக்கா,
கிளடிஸ்

மரண அறிவித்தல்

சிரியா, டமாஸ்கஸ் கூட்டாவைப் பிறப்பிடமாகவும், அதனையே வதிவிடமாகவும் கொண்டிருந்த யூசுப், கரீம் ஆகிய சகோதரர்கள் 21.08.2013 புதன்கிழமை விடியுமுன், தம் வீட்டின் நிலக்கீழ் அறையில், நச்சுவாயுவினால் உயிர்நீத்தனர்.

அன்னார் ஹனானின் பாசமிகு புதல்வர்களும், றீமின் அன்புச் சகோதரர்களும் ஆவர்.

தாயார் இவர்களைப் பாதுகாப்பான இடமென்று நம்பியே அங்கே இருத்தினார்.

இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள், மற்றும் ‘உரைகல்’ நேயர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தகவல்: ……………………………